மெல்லிசைக் கை பயிலும் மெட்டல் இசை

நம் சங்கத்து அன்பர் பலர் அண்மைக் காலத்தில் ஒரே குறையை வெவ்வேறு சொற்களில் நம்மிடம் கூறி வருகின்றனர். "பையன் நல்லவன்தான், வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறான், ஆனால் முதற் சம்பளத்திலேயே மின் கிதார் ஒன்றை வாங்கி வந்து, இரும்புப் பட்டறை போல் ஓசை எழுப்புகிறான். இதுவும் ஒரு சங்கீதமா?" என்பதே அக்குறை.

அத்திபெலேயிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களுள் பெரும்பாலானவை தொழிற்சாலையை நம்பி வந்தவை. எல்லைக்கு இப்பாலுள்ள அத்திபெலே, சந்தாபுரம் ஆகிய ஊர்களிலும், அப்பாலுள்ள ஜூஜூவாடி, ஓசூரிலும் நம் பிள்ளைகள் முறை வைத்து உழைக்கின்றனர். அவர்களுள் சிலர் ஓய்வு நேரத்தில் விரும்பிப் பயிலும் இசைக்கு மெட்டல் என்று பெயர். "இரும்புப் பட்டறை" என்று பெற்றோர் சலிப்பினால் கூறும் சொல்லில், அவர்கள் அறியாமலே ஒரு வரலாற்றுண்மை பொதிந்திருக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நாம் இருப்புப்பாதை அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பத்தாம் வகுப்புத் தேறியவர். இசையில் பட்டம் ஏதும் பெற்றிலோம். ஆயினும் 15 ஆண்டுகளாகச் சங்கத்தின் ஆண்டு விழாக்களில் மெல்லிசைப் பாடல்களுக்குக் கிதார் வாசித்து வருகிறோம். சென்ற ஓராண்டாக, அழுத்தகப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் மெட்டல் இசையின் ரிஃப் என்னும் பகுதியைப் பயின்று வருகிறோம். ஆசிரியர் நம்மினும் 12 வயது இளையவர். நாம் அவரைத் "தம்பி" என்கிறோம். அவர் நம்மை "அண்ணா" என்கிறார். ஆனால் கருவியை மடியில் வைத்த பின் அவரே குரு, நாமே மாணாக்கர். அவ்வாறு கற்றவற்றுள் நம் இல்லங்களுக்குப் பயன்படக் கூடியவற்றை இங்கே தொகுத்துரைக்க எண்ணினோம்.

ரிஃப் என்பது யாது? சில சுரங்களும் ஒரு தாளக்கட்டும் சேர்ந்து, பாட்டினூடே மீண்டும் மீண்டும் வரும் சிறு தொடர் அது. நம் கீர்த்தனத்தில் பல்லவி எவ்வாறு திரும்பத் திரும்ப வந்து பாட்டைத் தாங்கி நிற்கிறதோ, அவ்வாறே மெட்டல் பாட்டை ரிஃப் தாங்கி நிற்கிறது. மெல்லிசையில் பாடகர் முன்னே செல்வார். கிதார் அவர் பின்னே குடை பிடித்து வரும். மெட்டலிலோ கிதாரின் ரிஃப் முன்னே செல்ல, பாடுவோர் அதன்மேல் ஏறி அமர்வர். வேறுபாடு இங்கேயே தொடங்குகிறது.

பட்டறையில் பிறந்த இசை

இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகரம் இரும்புத் தொழிலுக்குப் பேர் பெற்றது. அந்நகரத்துத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் டோனி அயோமி என்னும் இளைஞர் வேலை செய்து வந்தார். 1965-ஆம் ஆண்டில், தம் 17-ஆம் வயதில், இசைக் குழுவொன்றில் சேரும் பொருட்டு அவ்வேலையை விட்டு நீங்கவிருந்தார். கடைசி நாளன்று அழுத்த இயந்திரத்தில் அவருடைய வலக்கை அகப்பட்டு, நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் துண்டிக்கப்பட்டன. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் தந்திகளை அழுத்துவது வலக்கை விரல்களே. கிதார்க்காரனுக்கு இதனினும் பெரிய கேடு வேறென்ன உண்டு?

மனமுடைந்து கிடந்த அவருக்குத் தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டு வந்து கேட்பித்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் வாசித்தது. ஜாங்கோ 1928-இல் தீ விபத்தில் சிக்கி, இடக்கையின் இரு விரல்கள் செயலிழக்கப் பெற்றவர். எஞ்சிய விரல்களைக் கொண்டே ஐரோப்பா போற்றும் கிதார் வித்துவானாக விளங்கியவர். அதனைக் கேட்டு ஊக்கம் பெற்ற அயோமி, பிளாஸ்டிக் புட்டியொன்றை உருக்கித் தம் விரல் நுனிக்கேற்ற உறைகளைச் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். தடித்த தந்தியை அழுத்த இயலாமையால் பான்ஜோ என்னும் கருவியின் மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையே தளர்த்தினார். 1971-இல் வெளிவந்த அவர் குழுவின் மூன்றாம் இசைத்தட்டில் சில பாடல்களுக்குச் சுருதி மூன்று அரைச்சுர அளவு இறக்கப்பட்டது. தந்தி தளர்ந்தது; விரல் நோவு குறைந்தது; ஒலியோ கனத்தது.

அக்குழுவின் பெயர் பிளாக் சாபத். அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் வெளியாயிற்று. மெட்டல் இசையின் பிறப்பை அந்நாளிலிருந்தே கணக்கிடுவோர் பலர். காயம்பட்ட தொழிலாளி ஒருவர், தம் கையால் இயன்றதைக் கொண்டு அமைத்துக்கொண்ட வழியே பிற்காலத்தில் ஓர் இசை மரபாயிற்று. அழுத்தகங்களில் விரலைப் பணயம் வைத்து உழைக்கும் நம் பிள்ளைகள், இவ்விசையில் தம் வாழ்வின் ஒலியைக் கேட்கின்றனர் என்றால் அதில் வியப்பென்ன?

பெங்களூர் நகரம் இந்தியாவில் இவ்விசைக்குத் தலையாய ஊர்களுள் ஒன்று. 2007 மார்ச் 17-இல் அயர்ன் மெய்டன் குழுவும், 2011 அக்டோபர் 30-இல் மெட்டாலிக்கா குழுவும் இந்நகரத்து அரண்மனை மைதானத்தில் இசைத்தன. 1998-இல் இங்கே தோன்றிய கிரிப்டாஸ் என்னும் குழு, ஜெர்மனி நாட்டின் வாக்கன் இசை விழா வரை சென்று வாசித்து வந்திருக்கிறது. ஆகவே நம் பிள்ளைகள் எங்கோ இருந்து வந்த மாயத்தில் சிக்கினர் என்று எண்ண வேண்டா. வாழும் ஊரின் காற்றையே அவர்கள் சுவாசிக்கின்றனர்.

இரண்டு சுரமே போதும்

இனிப் பயிற்சிக்கு வருவோம். மெல்லிசைக் கிதார்க்காரர் பல கார்டுகளை அறிவார். ஆறு தந்திகளையும் ஒருசேர வருடிச் சுரக்கூட்டம் எழுப்புவதே அவர் தொழில். மெட்டல் இசை அவரிடம் முதலில் கேட்பது, அவ்வளவையும் சிறிது நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதே. அங்கே தலைமை வகிப்பது பவர் கார்டு. அதில் இருப்பவை இரண்டே சுரங்கள்: சட்ஜமும் பஞ்சமமும். காந்தாரம் கிடையாது. நம் தம்பூராவை நினைத்துக்கொள்க. அதன் நான்கு தந்திகளும் பெரும்பாலும் பஞ்சமத்துக்கும் சட்ஜத்துக்குமே கூட்டப்படுகின்றன அன்றோ? தம்பூராவைக் கையில் ஏந்தி மேடையெங்கும் நடத்திச் செல்வதே பவர் கார்டு என்றால் தவறாகாது.

காந்தாரத்தை ஏன் நீக்கினர்? காரணம் டிஸ்டார்ஷன் என்னும் உருத்திரிந்த ஒலி. ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் ஒலிச்சைகையை ஏற்றினால் அலையின் முகடுகள் வெட்டுண்கின்றன. அதனால் தந்தி எழுப்பாத மேற்சுரங்கள் பல புதிதாய்ப் பிறக்கின்றன. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலித்தால், அவ்வாறு பிறப்பவையும் அவற்றுடன் இணங்கியே நிற்கும். அடியில் ஒரு கீழ்ச் சட்ஜமும் கேட்பது போல் தோன்றும். கிதாரின் பஞ்சமம் இயற்கைப் பஞ்சமத்தோடு ஏறக்குறைய ஒத்தது. அதன் காந்தாரமோ இயற்கைக் காந்தாரத்தினின்றும் சற்று விலகியது. மெல்லிய ஒலியில் இவ்விலக்கம் புலப்படாது. டிஸ்டார்ஷன் அதனைப் பெரிதாக்கிக் கரகரப்பாக்கிவிடும். எனவேதான் மெல்லிசையில் தேன் போன்ற கார்டு, மெட்டல் ஒலியில் சேறாகக் கலங்குகிறது. இதனை உணர்ந்தோர், "கார்டு குறைந்தது, ஆகையால் கலை குறைந்தது" என்று கூறார்.

பவர் கார்டு பிடிப்பதில் இடர் சிறிது. ஆறாம் தந்தியில் ஒரு மெட்டை ஆட்காட்டி விரலால் அழுத்தி, ஐந்தாம் தந்தியில் அதற்கு இரண்டு மெட்டு மேலே மோதிர விரலை வைத்தால் போதும். வீணையில் மெட்டு என்று நாம் வழங்குவதையே கிதாரில் ஃபிரெட் என்கின்றனர். அக்கை வடிவத்தை மாற்றாமல் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே போகலாம். மற்றொரு வழி, ஆறாம் தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கிக்கொள்வது. இதனை டிராப் டி என்பர். அவ்வாறு செய்தால் கீழ் மூன்று தந்திகளையும் ஒரே விரலால் அழுத்திப் பவர் கார்டு பெறலாம்.

அடக்கமே வித்தை

இடக்கையின் பாடம் இவ்வளவு எளிதாயின், அருமை எங்கே இருக்கிறது? வலக்கையில் இருக்கிறது. தம்பி நமக்கு முதல் நாள் கூறிய சொல்லும் இதுவே: "அண்ணா, ஒலிக்க வைப்பது அரை வேலை, ஒலிக்காமல் நிறுத்துவதுதான் முழு வேலை."

பாம் மியூட்டிங் என்பது அவ்வித்தையின் பெயர். வலக்கையின் சுண்டுவிரற்பக்கத்து உள்ளங்கை விளிம்பை, தந்திகள் பாலத்தை விட்டுப் புறப்படும் இடத்தில் மெல்லப் படிய வைத்தல் வேண்டும். அந்நிலையில் தந்தியை மீட்டினால் "ணங்" என்று நீளாமல் "டுக்" என்று குறுகி, கனத்து ஒலிக்கும். கையை ஒரு நூலளவு முன்னே தள்ளினால் ஒலி செத்துப் போகும். ஒரு நூலளவு பின்னே இழுத்தால் அடக்கம் நீங்கி அலறும். அந்த ஒரு நூலளவைக் கை அறிந்துகொள்வதற்கு நமக்கு இரண்டு மாதம் பிடித்தது. மிருதங்கம் பயின்றோர் இதனை விரைவில் உணர்வர். மூடிய சொல் எது, திறந்த சொல் எது என்று அறிந்து கலந்து வாசிப்பதே மிருதங்கத்தின் உயிர். ரிஃபின் உயிரும் அதுவே. அடக்கிய மீட்டல்களுக்கு நடுவே திறந்த பவர் கார்டு ஒன்று வெடித்தெழுவதாலேயே அதற்கு வலிமை உண்டாகிறது. எல்லாவற்றையும் திறந்து வாசித்தால் வலிமை எங்கிருந்து வரும்?

இன்னுமோர் அடக்கம் உண்டு. மின் கிதாரில் ஒலியை மிகுத்து வைத்தால், மீட்டாத தந்தியும் காற்றில் அதிர்ந்து ஊளையிடும். ஒரு தந்தி பேசும்போது மற்ற ஐந்தும் வாய் மூடியிருக்க வேண்டும். மேல் தந்திகளை இடக்கை ஆட்காட்டி விரலின் அடிப்புறத்தாலும், கீழ்த் தந்திகளை வலக்கை விளிம்பாலும் தொட்டு வைத்தல் வேண்டும். மெல்லிசைக்காரருக்கு ஆறு தந்தியும் ஆறு தோழர். மெட்டல்காரருக்கு ஆறு தந்தியும் கட்டுக்கடங்க வேண்டிய ஆறு குதிரை. வெளியே கேட்போருக்குக் கட்டுப்பாடற்ற கூச்சல் போல் தோன்றும் இவ்விசை, உள்ளே முழுவதும் கட்டுப்பாட்டினாலேயே ஆனது. நாம் இக்கட்டுரையில் கூற விரும்பும் செய்தி ஒன்றே உண்டெனில், அது இதுவே.

குதிரையும் ரயிலும்

மீட்டும் கையசைவிலும் புதிய பாடம் உண்டு. மெல்லிசையில் பிக் என்னும் மீட்டுவில்லை மேலும் கீழும் தளர்வாக வீசிச் செல்லும். மெட்டலில் பல ரிஃப்களைக் கீழ்நோக்கி மட்டுமே மீட்டுவர். மேல்நோக்கி மீட்டினால் ஒவ்வோர் இரண்டாம் ஒலியும் மெலிந்துவிடும் என்பதே காரணம். மெட்டாலிக்கா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு இதில் புகழ் வாய்ந்தவர். 1986-இல் வெளிவந்த மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் என்னும் பாட்டில், நிமிடத்துக்கு 200-ஐத் தாண்டும் தாளத் துடிப்பில், துடிப்புக்கு இரண்டு மீட்டலாகக் கீழ்நோக்கியே வாசித்துச் செல்கிறார். முழங்கையை ஆட்டி இதனைச் செய்ய முயன்றால் ஒரு நிமிடத்தில் கை சோர்ந்து போகும். மணிக்கட்டு மட்டுமே அசைய வேண்டும். அசைவும் சிறிதாதல் வேண்டும். கனமான பிக், அதன் முனை மட்டும் தந்தியைத் தொடுமாறு குறுகப் பிடித்தல், தோளைத் தளர்த்தி வைத்தல் ஆகிய மூன்றும் துணை செய்யும்.

அடுத்தது குதிரைப் பாய்ச்சல் என்னும் தாளக்கட்டு. ஒரு நெடில், இரு குறில். நம் சொற்கட்டில் "தீம் தக, தீம் தக" என்று சொல்லிக்கொள்ளலாம். தீம் என்பதற்குக் கீழ்மீட்டல். தக என்பதற்குக் கீழும் மேலும். அயர்ன் மெய்டன் குழுவின் பாடல்களில் இது மிகுதி. 1983-இல் வெளிவந்த தி ட்ரூப்பர் என்னும் அவர்கள் பாட்டு, 1854-ஆம் ஆண்டுக் கிரிமியப் போரில் குதிரைப் படை பாய்ந்த நிகழ்ச்சியைப் பற்றியது; ஆதலின் தாளமும் பொருளும் ஒன்றாயின. இதனையே திருப்பி "தக தீம்" என்று வாசித்தால் வேறொரு முகம் காட்டும்.

இருப்புப்பாதையில் பணிபுரியும் நமக்கு இவ்விடத்தில் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. முற்காலத்தில் 13 மீட்டர் நீளத் தண்டவாளங்களைப் பூட்டிப் பாதை அமைத்தனர். ஒவ்வொரு பூட்டு வாயிலும் சக்கரங்கள் தாண்டும்போது எழுந்த தாளத்தில் உறங்காத குழந்தை இல்லை. இப்போது தண்டவாளங்களை நெடுந்தொலைவுக்குப் பற்றவைத்து விடுகின்றமையால் அவ்வோசை பெரும்பாலும் மறைந்துவிட்டது. மெட்டல் ரிஃப் பயிலும்போது அந்தப் பழைய தாளம் கைக்கு மீண்டு வருவது போல் ஓர் உணர்ச்சி உண்டாகிறது.

வேகத்தைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். இளைஞர் பலர் முதல் நாளே இசைத்தட்டின் வேகத்தில் வாசிக்க முனைகின்றனர். மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியை 60-இல் வைத்து, ஒவ்வொரு மீட்டலும் ஒரே கனத்தில், ஒரே அடக்கத்தில் விழும் வரை பயில வேண்டும். பத்து முறை பிசகின்றி வந்த பின் 64, பின்னர் 68. சரளி வரிசையை முதற்காலத்தில் பாடாமல் மூன்றாங்காலத்துக்குத் தாவும் மாணாக்கனை எந்த ஆசிரியர் ஏற்றுக்கொள்வார்? முன்கையிலோ மணிக்கட்டிலோ வலி தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலியைப் பொறுப்பது வீரமன்று. பகலெல்லாம் பட்டறையிலோ கணினியிலோ உழைத்த கைக்கு இரவில் அரைமணி நேரப் பயிற்சியே மிகுதி.

தோடியின் நிழல்

மெட்டல் இசையில் வரும் சுரவரிசைகளைக் கேட்டபோது நமக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. ஃபிரிஜியன் என்று அவர்கள் வழங்கும் வரிசை, சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் கொண்டது. இது நம் எட்டாவது மேளமாகிய ஹனுமத்தோடியின் வரிசையன்றோ? காந்தாரத்தை மட்டும் அந்தர காந்தாரமாக்கினால் அவர்களுக்கு மற்றொரு வரிசை; நமக்கு அது 14-ஆவது மேளமாகிய வகுளாபரணம். சட்ஜத்தை ஒட்டி நிற்கும் சுத்த ரிஷபமே அவர்கள் இசையில் அச்சத்தை விளைவிப்பது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடிப் பழகிய நம் சிறுமிகளுக்கோ அச்சுரம் தாயின் முகம் போல் பழகியது.

பிளாக் சாபத் குழுவின் முதல் இசைத்தட்டில் முதற் பாட்டின் ரிஃபில் உள்ள முதன்மைச் சுரங்கள் மூன்று: சட்ஜம், மேற்சட்ஜம், பிரதி மத்யமம். சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இடைவெளியை மேலை நாட்டு இசை நூலார் இசைக்குள் இருக்கும் சாத்தான் என்று பெயரிட்டு அஞ்சினர். நாமோ 72 மேளங்களுள் சரிபாதியாகிய 36-க்குப் பிரதி மத்யமத்தை வழங்கி, கல்யாணியில் வைத்து மங்களமாகப் போற்றுகிறோம். ஒரு நாட்டார் சாத்தான் என்பதை மற்றொரு நாட்டார் கல்யாணி என்பர்! சுரத்தில் நன்மையுமில்லை, தீமையுமில்லை; பழக்கமே அதற்குப் பெயர் சூட்டுகிறது.

ஆயினும் வரிசை ஒன்றாயிருத்தலினால் இராகமும் ஒன்றாகிவிடாது. தோடியின் காந்தாரத்தை அசைக்கும் கமகம் ரிஃபில் இல்லை. ரிஃபின் இரும்புத் தாளம் தோடியில் இல்லை. நம் இசையறிவு அங்கே வாயிலைத் திறக்கும். உள்ளே நடப்பதற்குக் கால் புதிதாகப் பழக வேண்டும்.

பிறநாட்டுக் கருவியை நம்மவர் கைக்கொள்வது இன்று நேற்று நிகழ்வதன்று. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் வயலினை நம் இசைக்கு வசமாக்கினர். யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கர்நாடக இசையை உலகெங்கும் ஒலிக்கச் செய்தார். கிதாரிலேயே கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா, ராக் இசையின் மேதை ஜிமி ஹென்றிக்ஸுக்கு அஞ்சலியாகத் தனி இசைத்தட்டே வெளியிட்டிருக்கிறார். இரு கரையிலும் கால் வைத்தோர் முழுகிப் போகவில்லை.

அச்சமும் ஒரு சுவை

"சட்டையில் மண்டையோட்டுப் படம் போட்டுக்கொள்கிறானே?" என்று அன்னையர் சிலர் கேட்கின்றனர். தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் உண்டு, வெகுளியும் உண்டு. செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அட்டு உண்ணும் காட்சியைக் காட்டிலும் கொடிய படம் எந்தச் சட்டையில் இருக்கிறது? அதனைப் பயின்ற தமிழ் மாணவர் எவரும் பேயாகிவிடவில்லை. கலையில் அச்சத்தைக் கண்டு கைதட்டிவிட்டு வீடு திரும்புவது மனித இயல்பு. பாட்டின் சொற்களைப் பெற்றோர் பிள்ளைகளிடமே கேட்டுப் பொருள் தெரிந்துகொள்ளலாம். தகாத சொல் இருப்பின் அதனைக் கண்டிக்கவும் செய்யலாம். கேளாமலே கண்டிப்பதுதான் பொருந்தாது.

அண்டை வீட்டாரைப் பற்றிய கவலை நேரியது. நம்மவர் பெரும்பாலும் ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்பவர். சுவருக்கு அப்பால் இரவு வேலை முடித்து உறங்குபவர் இருப்பர். மின் கிதாரை ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமலே பயின்றால் ஓசை அறைக்கு வெளியே செல்லாது. அவ்வாறு பயிலும்போது ஒவ்வொரு மீட்டலின் கனமும் ஒளிவு மறைவின்றித் தெரியும். செவியில் மாட்டும் ஒலிக்கருவியுடன் பயில்வது அடுத்த வழி. அதிலும் ஒலியைக் குறைத்து வைக்க வேண்டும், செவி இரண்டும் பிறகு விலைக்குக் கிடையா. வீட்டில் சாதாரணக் கிதார் இருப்பின் அதுவே தொடக்கத்துக்குப் போதும். அடக்கமும், கீழ்மீட்டலும், தீம்-தகவும் அதிலும் கைவரும். புதுக் கருவிக்குக் கடன்படுதல் வேண்டா.

சங்கம் செய்யத்தக்கது

நாம் 30 வயதைத் தாண்டிய பின் இப்பயிற்சியில் இறங்கியதற்குக் காரணம் ஒன்றுண்டு. நம் மெல்லிசைக் குழுவில் 25 வயதுக்குட்பட்டோர் எவரும் இல்லாமற் போயினர். விழாவுக்குப் பெற்றோர் வருவர், பிள்ளைகள் வாரார். "அவர்களுக்குத் தமிழ் மீது பற்றில்லை" என்று கூறி முடித்துவிடுவது எளிது. அவர்கள் இருக்குமிடத்துக்கு நாம் ஒரு முறையேனும் சென்றோமா என்று எண்ணிப் பார்த்தோம், சென்றோம்.

அங்கே நாம் கண்டது யாது? தம்பியின் குழுவில் முரசு வாசிப்பவர் கன்னடர். பாஸ் கிதார் வாசிப்பவர் தெலுங்கர். மூவரும் ஒருவர் மொழியை மற்றவர் கலந்து பேசி, ஒரு ரிஃபை மாலை முழுதும் நாற்பது முறை வாசித்துச் செப்பம் செய்கின்றனர். 2016 செப்டம்பரில் காவிரிப் பிணக்கு மூண்டபோது, இவ்வெல்லையில் பேருந்துகள் நின்று போனதும், பெண்டு பிள்ளைகளுடன் மக்கள் மூட்டை சுமந்து நடந்தே எல்லையைக் கடந்ததும் நம்மில் யார் மறந்தார்? அத்தகைய சாலையின் ஓரத்தில், மூன்று தாய்மொழி பேசும் பிள்ளைகள் ஒரு தாளத்தில் கை கோத்து நிற்பது சிறிய பொருளன்று.

சென்ற பொங்கல் விழாவில் சங்கத்தார் அவர்களுக்கு 15 நிமிடம் ஒதுக்கினர். நாமும் அவர்களுடன் அமர்ந்து, இரண்டே பவர் கார்டுகள் கொண்ட ஒரு ரிஃபைத் தாங்கி வாசித்தோம். முன்வரிசையில் சிலர் செவியைப் பொத்திக்கொண்டது உண்மை, மறைப்பதற்கில்லை. தம்பியின் தந்தையார் கொத்து வேலையில் 30 ஆண்டு பழகியவர். அக்கிதாரை விற்றுவிடுமாறு இரு முறை மகனிடம் சினந்தவர். நிகழ்ச்சி முடிந்ததும் நம்மிடம் வந்து, "ஓசை எனக்குப் பிடிக்கவில்லை, சார். ஆனால் வரிசை பிசகாமல் செங்கல் வைக்கிற மாதிரி வாசிக்கிறான். அது தெரிகிறது" என்றார். அதனினும் மேலான பாராட்டை வித்துவான் எவரும் வழங்கியிருக்க இயலாது என்பது நம் எண்ணம். அன்று முதல் அவ்விளைஞர் மூவருள் இருவர் சங்கத்துக்கு ஒழுங்காக வருகின்றனர். அவர்களுள் ஒருவர் கன்னடர். நம்மிடம் தமிழ் எழுத்துக் கற்கிறார்.

ஆதலின் நம் வேண்டுகோள் மூன்று. பெற்றோரே, உங்கள் பிள்ளை வாசிப்பதைப் பத்து நிமிடம் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஓசையைக் கேட்க வேண்டா, கையைப் பாருங்கள். இளைஞரே, நீங்கள் வாசிக்கும் சுரவரிசைக்குத் தோடி என்று உங்கள் மூதாதையர் பெயரிட்டு வளர்த்திருக்கின்றனர். ஒரு மாலை அதனையும் கேளுங்கள். சங்கத்துப் பெரியோரே, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை சங்கக் கூடத்தை இப்பிள்ளைகளின் பயிற்சிக்குத் திறந்து விடுங்கள். ஒன்பது மணி அடித்ததும் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கிறோம்.